ஊதிய உயர்வு கோருமுன் செய்ய வேண்டிய கணக்கு

நம் நாட்டில் மாதச் சம்பளம் பெறுவோரை ஒரு வகையில் இரு பிரிவினராகப் பிரிக்கலாம். விலைவாசி ஏறும்போது கேளாமலேயே சம்பளமும் ஏறப் பெறுவோர் ஒரு பிரிவினர். கேட்டாலன்றி ஏறப் பெறாதோர் மற்றொரு பிரிவினர். மத்திய அரசு ஊழியர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை, ஜனவரி, ஜூலை மாதங்களை ஒட்டி, அகவிலைப்படி திருத்தி அமைக்கப்படுகிறது. பெரிய ஆலைகள் பலவற்றில் தொழிற்சங்க ஒப்பந்தத்தின் வாயிலாக இத்தகைய ஏற்பாடு உண்டு. ஆனால் சிறு பட்டறைகள், அச்சகங்கள், கடைகள், தனியார் அலுவலகங்கள், சிறு மருத்துவமனைகள் ஆகியவற்றில் பணிபுரியும் மிகப் பலருக்கு இவ்வசதி இல்லை. அவர்களது சம்பளம் ஒரு தொகையாக நிர்ணயிக்கப்பட்டு, அடுத்த முறை எவரேனும் அதைப் பற்றிப் பேசும் வரை அப்படியே நின்றுவிடுகிறது.

இவர்கள் உயர்வு கோரத் தயங்குவதற்கு அச்சம் ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம், எவ்வளவு கேட்பது, எந்த அடிப்படையில் கேட்பது என்பது தெளிவாகாமையே. ‘குடும்பம் நடத்த முடியவில்லை, ஏதாவது பார்த்துச் செய்யுங்கள்’ என்று கேட்பவருக்கு ‘பார்க்கலாம்’ என்ற விடையே கிடைக்கும். அளவில்லாத வேண்டுகோளுக்கு அளவான பதிலை எதிர்பார்க்க இயலாது. ஊதியக் கோரிக்கை என்பது வாதமாக மாறுவதற்கு முன் கணக்காக இருக்க வேண்டும். அக்கணக்கை எவ்வாறு போடுவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அகமதாபாத் தந்த பாடம்

கோரிக்கைத் தொகையை ஆராய்ந்து நிர்ணயிப்பதற்கு நம் நாட்டுத் தொழிலாளர் வரலாற்றிலேயே சிறந்த முன்மாதிரி உண்டு. 1917-ஆம் ஆண்டில் அகமதாபாத் நகரில் பிளேக் நோய் பரவியது. தொழிலாளர்கள் ஊரை விட்டு ஓடாமல் இருப்பதற்காக ஆலை முதலாளிகள் ‘பிளேக் போனஸ்’ என்ற பெயரில் கூடுதல் தொகை கொடுத்து வந்தனர். நோய் தணிந்ததும் 1918-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அதனை நிறுத்தினர். ஆனால் உலகப் போரினால் ஏறியிருந்த விலைவாசி தணியவில்லை. ஆகவே நெசவாளர்கள் தங்கள் கூலியில் 50 சதவீதம் உயர்வு கேட்டனர். 20 சதவீதத்துக்கு மேல் தருவதற்கில்லை என்றனர் முதலாளிகள்.

தொழிலாளர் சார்பில் இப்பிரச்சினையைக் கையிலெடுத்த காந்தியடிகள், 50 சதவீதக் கோரிக்கையை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. ஏறியிருந்த விலைவாசியையும், பம்பாய் ஆலைகளில் வழங்கப்பட்ட கூலியையும், அகமதாபாத் ஆலைகளின் நிலையையும் ஆராய்ந்த பிறகு, 35 சதவீதமே நியாயமானது என்ற முடிவுக்கு வந்தார். தங்கள் கோரிக்கையைத் தாங்களே குறைத்துக்கொள்ளும்படி தொழிலாளர்களை இணங்கச் செய்தார். அதன்பின் அந்த 35 சதவீதத்திலிருந்து இறங்குவதில்லை என்று அவர்கள் உறுதி எடுத்துக்கொண்டனர். பிப்ரவரி 22-ஆம் நாள் தொடங்கிய கதவடைப்பு மார்ச் 18-ஆம் நாள் உடன்பாட்டில் முடிந்தது. பிரச்சினை நடுவர் ஆனந்தசங்கர் துருவ் அவர்களிடம் விடப்பட்டது. தீர்ப்பு வரும் வரையில் முதல் நாளுக்கு 35 சதவீதமும், இரண்டாம் நாளுக்கு 20 சதவீதமும், மூன்றாம் நாள் முதல் இரண்டுக்கும் நடுவான 27.5 சதவீதமும் வழங்குவது என ஏற்பாடாயிற்று. நடுவர் பின்னர் அளித்த தீர்ப்பு 35 சதவீதம் என்பதாகும்.

இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துவன இரண்டு. முதலாவது, கேட்கும் தொகை மூன்றாம் மனிதர் ஒருவர் ஆராய்ந்தாலும் நிற்கக்கூடியதாக இருக்க வேண்டும். இரண்டாவது, அத்தகைய தொகையை முடிவு செய்வதற்குக் கேட்பவரின் தேவையுடன் கொடுப்பவரின் நிலையையும் அண்டை ஊரின் கூலி விகிதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஊதியத்தின் மூன்று படிகள்

சுதந்திரத்துக்குப் பின் 1948-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட நியாய ஊதியக் குழு, ஊதியத்தை மூன்று படிகளாக வகுத்தது. உயிர்வாழ்வுக்கும், வேலைத்திறன் குன்றாமல் இருப்பதற்கும் வேண்டிய குறைந்தபட்ச ஊதியம் முதற்படி. கண்ணியமான வாழ்வுக்கும், நோய், முதுமை போன்றவற்றுக்கு எதிரான பாதுகாப்புக்கும் போதுமான வாழ்க்கை ஊதியம் மேற்படி. இவ்விரண்டுக்கும் இடையில் அமைவது நியாய ஊதியம். அதன் கீழெல்லை குறைந்தபட்ச ஊதியம். மேலெல்லை, தொழிலின் கொடுக்கும் சக்தி. இவ்வெல்லைகளுக்குள் உரிய தொகையை முடிவு செய்யத் தொழிலாளரின் உற்பத்தித் திறன், அதே வட்டாரத்தில் வழங்கும் ஊதிய விகிதம், நாட்டு வருமானமும் அதன் பகிர்வும், பொருளாதாரத்தில் அத்தொழிலுக்குள்ள இடம் ஆகியவற்றைக் கருத வேண்டும் என்று குழு கூறியது. அரசியல் சட்டத்தின் 43-ஆவது பிரிவு வாழ்க்கை ஊதியத்தை அரசின் வழிகாட்டு நெறிகளுள் ஒன்றாக வைத்துள்ளது.

குறைந்தபட்சத் தேவையை அளந்து காட்டியது 1957-ஆம் ஆண்டில் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு. ஒருவர் சம்பாதித்து மூன்று நுகர்வு அலகுகளைக் காக்கும் குடும்பத்தை அது அளவாகக் கொண்டது. வயது வந்த ஒருவருக்கு டாக்டர் அய்க்ராய்டு பரிந்துரைத்தபடி 2,700 கலோரி உணவு, ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 18 கெஜம் வீதம் நால்வர் குடும்பத்துக்கு 72 கெஜம் துணி, அரசின் தொழிலாளர் வீட்டு வசதித் திட்டத்தையொட்டிய வாடகை, எரிபொருள், விளக்கு, பிற செலவுகளுக்கென மொத்தத்தில் 20 சதவீதம் என்று கணக்கிட்டது. பிள்ளைகளின் கல்வி, மருத்துவம், பண்டிகை, முதுமை, திருமணம் போன்றவற்றுக்கென மேலும் 25 சதவீதம் சேர்க்கப்பட வேண்டும் என்று 1991-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஊதியம் கோரும் தனி மனிதருக்கும் இவ்வடிப்படைகள் பயன்படும். குழு கூறிய அளவுகோல்களுள் தேவை, திறன், வட்டார ஊதியம், நிறுவனத்தின் சக்தி ஆகிய நான்கையும் அவர் தம் அளவில் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

முதற் கணக்கு: இழந்தது எவ்வளவு?

புணே அருகே ஒரு சிறு பொறியியற் பட்டறையில் கடைசல் இயந்திரம் இயக்கும் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 2022 ஜனவரியில் அவரது மாதச் சம்பளம் ரூ. 18,000. இடையில் ஒருமுறை கிடைத்த உயர்வுடன் 2025 ஜனவரியில் அது ரூ. 19,500 ஆயிற்று. மேலோட்டமாகப் பார்த்தால் ரூ. 1,500 கூடியிருக்கிறது.

மத்தியத் தொழிலாளர் துறையைச் சார்ந்த தொழிலாளர் செயலகம் மாதந்தோறும் ஆலைத் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணைத் தயாரிக்கிறது. 2016-ஆம் ஆண்டை 100 எனக் கொண்ட தற்போதைய வரிசை 88 மையங்களில் திரட்டப்படும் விலைகளை ஆதாரமாகக் கொண்டது. இவ்வரிசையில் அகில இந்தியக் குறியீட்டெண் 2022 ஜனவரியில் 125.1 ஆக இருந்தது. 2025 ஜனவரியில் 143.2 ஆயிற்று. அதாவது விலைவாசி ஏறத்தாழ 14.5 சதவீதம் ஏறியுள்ளது.

இனிக் கணக்கு எளிது. பழைய சம்பளத்தைப் புதிய எண்ணால் பெருக்கிப் பழைய எண்ணால் வகுக்க வேண்டும். 18,000-ஐ 143.2-ஆல் பெருக்கி 125.1-ஆல் வகுத்தால் ரூ. 20,604 வருகிறது. 2022-இல் ரூ. 18,000 கொண்டு வாங்கியதை 2025-இல் வாங்குவதற்கு இத்தொகை தேவை. அவர் பெறுவதோ ரூ. 19,500. ஆகவே ரூ. 1,500 உயர்வு பெற்ற அத்தொழிலாளி உண்மையில் மாதம் ரூ. 1,104 இழந்துகொண்டிருக்கிறார்.

இந்த ரூ. 1,104-ஐ ‘உயர்வு’ என்று அழைப்பதே பொருந்தாது. அது இழப்பை ஈடுசெய்வது மட்டுமே. கோரிக்கையில் ஈட்டுத் தொகையையும் உயர்வுத் தொகையையும் தனித்தனியே காட்டுதல் மிக அவசியம். இல்லாவிடில், நிர்வாகம் ஈட்டுத் தொகையில் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு, திறமைக்கும் உழைப்புக்கும் உரிய உயர்வையே கொடுத்துவிட்டதாகக் கருதும். தொழிலாளியும் அவ்வாறே நம்பிவிடுவார்.

மையவாரியான எண்களும் வெளியிடப்படுவதால், தாம் வாழும் நகரம் ஒரு மையமாக இருப்பின் அதன் எண்ணையே பயன்படுத்தலாம். 2020 செப்டம்பருக்கு முற்பட்ட எண்கள் 2001-ஐ அடிப்படையாகக் கொண்டவை. அவற்றுடன் ஒப்பிடும்போது புதிய எண்ணை 2.88 என்னும் இணைப்புக் காரணியால் பெருக்கிக்கொள்ள வேண்டும். இதை மறந்தால் விலைவாசி பாதிக்கு மேல் வீழ்ந்துவிட்டது போன்ற விபரீதமான விடை கிடைக்கும்.

இரண்டாம் கணக்கு: செய்யும் வேலை மாறியுள்ளதா?

சம்பளம் நிர்ணயிக்கப்பட்ட நாளில் ஒப்புக்கொண்ட வேலை ஒன்று. இன்று செய்யும் வேலை மற்றொன்று. பலரது நிலை இதுவே. நமது எடுத்துக்காட்டுத் தொழிலாளி ஒரே இயந்திரத்தை இயக்குவதற்காகச் சேர்ந்தவர். இன்று கணினி வழி இயங்கும் இயந்திரத்தையும் கவனிக்கிறார். புதிதாகச் சேர்ந்த பயிற்சியாளர் இருவருக்கு வேலை கற்பிக்கிறார். அளவுக் கருவிகளின் பதிவேட்டையும் அவரே பராமரிக்கிறார். இவை யாவும் படிப்படியாக வந்து சேர்ந்தமையால், அவரும் நிர்வாகமும் இவற்றைத் தனி வேலையாக எண்ணிப் பார்த்ததில்லை.

இதற்கு மருந்து எழுதி வைப்பதே. கோரிக்கை வைப்பதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே ஒரு குறிப்பேட்டில் வாரந்தோறும் நான்கு செய்திகளைப் பதிந்து வரலாம். முடித்த வேலையின் அளவு, கழிவாகப் போன உருப்படிகள், கூடுதலாக ஏற்ற பொறுப்பு, தம்மால் நிறுவனத்துக்கு மிச்சமான நேரம் அல்லது பொருள் ஆகியவையே அவை. அலுவலகப் பணியாளராயின் தீர்த்த கணக்குகள், நிலுவை வசூல், பதிலளித்த கடிதங்கள் என்று தம் தொழிலுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். ‘நான் கடினமாக உழைக்கிறேன்’ என்பது கருத்து, அதை மறுத்துவிடலாம். ‘சென்ற ஆறு மாதங்களில் நிராகரிக்கப்பட்ட உருப்படிகள் நூற்றுக்கு ஐந்திலிருந்து இரண்டாகக் குறைந்தன’ என்பது செய்தி. அதை மறுக்க வேண்டுமானால் பதிவேட்டைப் புரட்ட வேண்டும்.

மூன்றாம் கணக்கு: வட்டாரத்தில் என்ன வழங்குகிறது?

ஒரே வேலைக்குச் சுற்றுவட்டாரத்தில் என்ன ஊதியம் கிடைக்கிறது என்பதைக் குறைந்தது நான்கைந்து இடங்களிலிருந்து அறிந்துகொள்ள வேண்டும். வேலைவாய்ப்பு விளம்பரங்கள், தொழிற்பயிற்சி நிலையங்களின் வேலையமர்த்தல் பிரிவு, உடன் படித்தோர், தொழிற்சங்க அலுவலகம் ஆகியன இதற்கு உதவும். மாநில அரசு அறிவித்துள்ள குறைந்தபட்ச ஊதிய விகிதத்தையும் அவசியம் பார்க்க வேண்டும். அனுபவம், வேலை நேரம், உணவு அல்லது போக்குவரத்து வசதி ஆகியவற்றில் ஒத்த இடங்களையே ஒப்பிடுதல் முறை. மிக அதிகமாகக் கொடுக்கும் ஓரிடத்தை மட்டும் எடுத்துக்காட்டினால் கோரிக்கை முழுவதன் மீதும் ஐயம் எழும்.

வேறு நிறுவனத்தில் வேலை கிடைத்திருப்பதாகப் பொய்யாகக் கூறி அச்சுறுத்துதல் தவறான முறையாகும். சிறு தொழில் வட்டாரங்களில் முதலாளிகள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். பொய் ஒரு நாளில் வெளிப்படும்.

நான்காம் கணக்கு: நிறுவனத்தின் நிலை

கொடுக்கும் சக்தியை அறியாமல் கேட்பது இருட்டில் நடப்பதை ஒக்கும். புதிய இயந்திரங்கள் வருகின்றனவா, மிகைநேர வேலை கூடுகிறதா, ஆட்களைச் சேர்க்கிறார்களா, பெரிய வாடிக்கையாளர் எவரேனும் விலகினாரா என்பனவற்றைப் பட்டறையில் உள்ளவரே நன்கறிவார். பதிவு பெற்ற கம்பெனியாயின் ஆண்டுக் கணக்குகள் பொதுமக்கள் பார்வைக்குக் கிடைக்கும். வரவு செலவு அடுத்த ஆண்டுக்குத் திட்டமிடப்படும் முன்பே கோரிக்கை சென்று சேர வேண்டும். திட்டம் முடிவான பின் வரும் நியாயமான கோரிக்கைக்கும் பணம் ஒதுக்கப்பட்டிராது.

நிறுவனம் நெருக்கடியில் இருந்தால் கோரிக்கையைத் தள்ளிவைக்கலாம், அல்லது தவணை முறையில் கேட்கலாம். ஆனால் ஒன்றை மறத்தலாகாது. நிறுவனத்தின் நெருக்கடி நியாய ஊதியத்துக்கு எல்லையாகலாம்; குறைந்தபட்ச ஊதியத்துக்கு எல்லையாகாது. குறைந்தபட்ச ஊதியம்கூடக் கொடுக்க இயலாத தொழிலுக்கு நடைபெறும் உரிமை இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் 1950-களிலேயே தெளிவாக்கியுள்ளது.

எந்தத் தலைப்பில் கேட்பது?

மொத்தத் தொகையைப் போலவே அது எந்தத் தலைப்பில் சேர்கிறது என்பதும் முக்கியம். அடிப்படைச் சம்பளத்தில் சேரும் உயர்வு, பணிக்கொடை போன்ற பின்னாட் பயன்களையும் உயர்த்துகிறது. பணிக்கொடை என்பது பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் கடைசியாகப் பெற்ற ஊதிய விகிதத்தில் 15 நாள் ஊதியம். மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து நாள் ஊதியம் காண்பது முறை. ஆகவே பத்தாண்டு பணியாற்றியவரின் அடிப்படைச் சம்பளம் ரூ. 1,000 கூடினால், அவரது பணிக்கொடை ஏறத்தாழ ரூ. 5,769 கூடுகிறது. அதே ரூ. 1,000 பயணப்படியாக வந்தால் இப்பயன் பொதுவாகக் கிட்டுவதில்லை.

2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், 1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டம், 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் ஆகிய நான்கும் அதில் அடங்கிவிட்டன. ஊதியத்தில் சேராத படிகள் மொத்த ஊதியத்தில் பாதிக்கு மேற்பட்டால், மேற்பட்ட பகுதி ஊதியமாகவே கருதப்படும் என்று அது விதிக்கிறது. தம் சம்பளச் சீட்டு இவ்விதிக்கு ஏற்ப அமைந்துள்ளதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

உயர்வினால் இழப்பு நேரும் இடமும் உண்டு. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யில் 2017 ஜனவரியில் மாத ஊதிய உச்சவரம்பு ரூ. 21,000 என வைக்கப்பட்டது. 2019 ஜூலை முதல் தொழிலாளியின் சந்தா 0.75 சதவீதம். ரூ. 19,500 பெறுபவர் மாதம் ரூ. 150-க்கும் குறைவாகச் செலுத்திக் குடும்பம் முழுவதற்கும் மருத்துவ வசதி பெறுகிறார். உச்சவரம்பைத் தாண்டினால், நடப்புச் சந்தாக் காலம் முடிந்த பின் திட்டத்திலிருந்து அவர் வெளியேற நேரும். வீட்டில் நீண்ட நாள் நோயாளி ஒருவர் இருப்பின் சில நூறு ரூபாய் உயர்வு பெரும் நட்டமாக முடியலாம். கேட்பதற்கு முன் உச்சவரம்பு அப்போது என்ன, தம் சம்பளத்தில் எப்பகுதிகள் அதில் கணக்கிடப்படும் என்பதை விசாரித்து அறிந்து, வரம்பைத் தாண்டும் தொகையைக் கேட்பதாயின் அத்துடன் மருத்துவக் காப்பீட்டையும் சேர்த்துக் கேட்பதே அறிவுடைமை.

மூன்று தொகைகள்

இக்கணக்குகளின் முடிவில் மூன்று தொகைகளை எழுதிக்கொள்ள வேண்டும். நமது தொழிலாளியின் வட்டாரத்தில் அவ்வேலைக்கு ரூ. 21,000 முதல் ரூ. 23,000 வரை வழங்குவதாகக் கொள்வோம். அவர் ரூ. 22,000 கேட்கலாம். இது ரூ. 2,500 உயர்வு. இதில் ரூ. 1,104 விலைவாசிக்கான ஈடு. மீதமுள்ள ரூ. 1,396 கூடுதல் பொறுப்புகளுக்கு உரியது. ஏற்றுக்கொள்ளத்தக்க தொகை ரூ. 21,000. அதில் இ.எஸ்.ஐ. வரம்பும் தாண்டப்படவில்லை. மூன்றாவது தொகை ரூ. 20,604. இதற்குக் கீழ் எத்தொகைக்கு இசைந்தாலும் சம்பளக் குறைப்புக்கு இசைந்ததாகவே பொருள்படும் என்பதை அவர் மனத்தில் இருத்த வேண்டும்.

கேட்கும் முறை

கோரிக்கை ஒரே பக்கத்தில் அடங்குதல் நலம். வேலையில் சேர்ந்த நாள், கடைசியாகச் சம்பளம் திருத்தப்பட்ட நாள், விலைக் குறியீட்டுக் கணக்கு, கூடுதல் பொறுப்புகள், வட்டார ஊதியம், கோரும் தொகை, அது நடைமுறைக்கு வர வேண்டிய நாள் ஆகியவற்றை இவ்வரிசையில் எழுதலாம். வீட்டுக் கடனையும் குடும்பச் சுமையையும் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. அவை உண்மையே எனினும், அவற்றைக் கொண்டு கேட்பது உதவியாகிறது. வேலையைக் கொண்டு கேட்பதே ஊதியமாகிறது.

மனுவைக் கொடுக்கும் முன் மேற்பார்வையாளரிடம் தெரிவித்து, நேரில் பேச நேரம் கேட்டுக்கொள்ள வேண்டும். வேலை நெருக்கடியான மாதக் கடைசி நாட்களும், பிறர் சூழ்ந்திருக்கும் வேளையும் இதற்கு ஏற்றவையல்ல. உடன் வேலை செய்பவரின் குறைகளைச் சொல்லித் தம் நிறைகளை நிலைநாட்ட முயலுதல் கூடாது. தொகையைச் சொன்னபின் மறுமொழிக்குக் காத்திருத்தல் வேண்டும். பதற்றத்தில் தாமே அதைக் குறைத்துப் பேசுவது பலரிடம் காணப்படும் பழக்கம்.

இல்லை என்ற பதில் வந்தால் மூன்று கேள்விகள் கேட்கலாம். எந்தக் காரணத்தால் இயலவில்லை? எது நிறைவேறினால் இயலும்? மீண்டும் எப்போது பேசலாம்? விடைகளைக் குறித்துக்கொண்டு, பேசியவற்றைச் சுருக்கமாக எழுதி நிர்வாகத்திடம் ஒரு பிரதி கொடுத்தால், அடுத்த பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

வேண்டுகோளும் உரிமையும்

எதை வேண்டிப் பெற வேண்டும், எதை உரிமையாகப் பெற வேண்டும் என்ற வேறுபாட்டை அறிதல் இன்றியமையாதது. அறிவிக்கப்பட்ட குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறைவாகப் பெறுபவர் கோர வேண்டியது உயர்வன்று. தமக்குச் சேர வேண்டிய பாக்கி. ஒரே வேலைக்கோ ஒத்த தன்மையுள்ள வேலைக்கோ ஆணினும் குறைவாகப் பெறும் பெண் தொழிலாளிக்கும் இது பொருந்தும். சம்பளச் சீட்டுக் கொடுப்பது நிறுவனத்தின் கடமை. ஊதியம் தொடர்பான உரிமைக் கோரிக்கைகளை மூன்றாண்டுகளுக்குள் உரிய அதிகாரியிடம் கொண்டுசெல்லச் சட்டம் இடமளிக்கிறது.

20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள இடத்தில் இரு தரப்பினருக்கும் சம இடமளிக்கும் குறைதீர்க்கும் குழு இருத்தல் வேண்டும். ஒரே பட்டறையில் பத்துப் பேருக்கு இதே இழப்பு நேர்ந்திருக்குமாயின், பத்துத் தனி மனுக்களைவிட ஒரே கணக்கைக் கொண்ட கூட்டு மனு வலிமையுடையது. அகமதாபாத் போராட்டத்தின் தொடர்ச்சியாக 1920-ஆம் ஆண்டில் அங்கு நெசவாலைத் தொழிலாளர் சங்கம் தோன்றியதும் இவ்வனுபவத்தின் பயனே.

தொழிலாளியின் வருமானம் விலைவாசிக்குப் பின்தங்கும்போது முதலில் குறைவது பாலும் பருப்பும், அடுத்துத் தள்ளிப் போவது பிள்ளைகளின் படிப்பு. ஒரு கூடத்தில் மட்டும் தெரியும் இழப்பன்று இது. நாளைய உழைப்பாளியின் திறனையும் அது குறைக்கிறது. ஆகவே சம்பளச் சீட்டுகளைச் சேர்த்து வைத்தல், விலைக் குறியீட்டெண்ணை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தல், செய்த வேலையைப் பதிந்து வருதல் ஆகிய மூன்று பழக்கங்களையும் ஒவ்வொரு தொழிலாளியும் மேற்கொள்ள வேண்டும். இவற்றுக்குச் செலவு ஒரு குறிப்பேடு மட்டுமே. அடுத்த முறை நிர்வாகத்தின் முன் அமரும்போது அக்குறிப்பேடு அவர் கையில் இருக்கட்டும்.